வைத்தியசாலைத் தெருவுக்குப் புதுப் பெயர் வேண்டுமா?

கேள்வி: களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். எங்கள் தெருவின் பெயர் வைத்தியசாலைத் தெரு. எண்பது வீடு, பத்துப் பன்னிரண்டு கடை. தமிழ்நாட்டோடு சேர்வதற்காக 1954-ல் நடந்த போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன ஒருவர் இந்தத் தெருவில் வாழ்ந்தவர். தெருவுக்கு அவர் பெயரை வைக்கவேண்டும் என்று துபாயில் இருக்கும் அவர் பேரன் கேட்கிறார். முகப்பில் வளைவும் மார்பளவுச் சிலையும் தன் செலவில் வைத்துத் தருவாராம். கவுன்சிலர் "ஒரே மாசத்துல முடிச்சுத் தாறேன்" என்கிறார். ஆனால் அந்தக் காலத்து வைத்தியரின் குடும்பமும் இதே தெருவில்தான் இருக்கிறது. வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள். "உங்க பாட்டாவுக்குப் போர்டு வைக்க எங்க அப்பூப்பனை அழிக்கணுமா?" என்று அந்த வீட்டு அக்கா கூட்டத்தில் அழுதுவிட்டார். "மலையாளத்தானுக்கு இங்க என்ன பேச்சு" என்று ஒரு பையன் கத்தினான். அதோடு கூட்டம் கலைந்தது. இதற்கு நடுவில் இன்னும் சிலர், செத்துப்போன எங்கள் பள்ளிக்கூட சார் பெயரை வைக்கலாமே என்கிறார்கள். நான் தெருச் சங்கச் செயலாளர். தையல் கடை வைத்திருக்கிறேன். எல்லாப் பக்கத்து ஆட்களும் என் கடைக்கு வருகிறவர்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நகராட்சி அலுவலகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதிக்காலம் மன்றக் கூட்டத்துக்குப் பொருள் தயாரிப்பதுதான் வேலை. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பத்து வருடம் பொறுத்துப் போகிற ஜனங்கள், பெயர் என்று வந்தால் பத்து நிமிடம் பொறுக்க மாட்டார்கள். அதனால் உங்கள் கூட்டம் கலைந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அது உங்கள் தோல்வியும் இல்லை.

முதலில் அந்த "ஒரே மாசம்" கதையைப் பார்ப்போம். தெருப் பெயரை மாற்றுவது கவுன்சிலர் கையில் இல்லை, உங்கள் சங்கத்தின் கையிலும் இல்லை. மன்றத்தில் தீர்மானம் போடவேண்டும். அது கருத்துருவாக மேலே போய் அரசின் ஒப்புதல் வரவேண்டும். அதற்கும் முன்னால், அந்தத் தெரு உண்மையிலேயே உள்ளாட்சிக்குச் சொந்தமானதா என்று பொறியியல் பிரிவில் சாலைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நெடுஞ்சாலைத் துறையின் சாலையாக இருந்தால் உங்கள் மன்றத் தீர்மானத்துக்கு அங்கே மதிப்பில்லை. சிலையும் நடக்காது. பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலையோ கட்டுமானமோ வைக்க அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியிலேயே உத்தரவு போட்டுவிட்டது. துபாய்க்காரர் சிலைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்குள் யாராவது இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். கொடுத்த பிறகு சொன்னால் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் அபிப்பிராயம் இதுதான்: வைத்தியசாலைத் தெரு வைத்தியசாலைத் தெருவாகவே இருக்கட்டும். அந்தப் போராளிக்கு வேறு இடத்தில், இன்னும் பெயர் விழாத ஒன்றில், மரியாதை செய்யுங்கள். பேரன் இதை லேசில் ஏற்கமாட்டார் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏன் என்றும் சொல்கிறேன்.

பெயர் மாற்றக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் பழைய பெயரை வெறும் அடையாளம் என்றே நினைப்பார்கள். 'வைத்தியசாலைத் தெரு', 'சந்தை ரோடு', 'பள்ளிக்கூடத் தெரு' என்பதெல்லாம் யாருடைய பெயரும் இல்லையே, அழித்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பார்கள். ஆனால் உங்கள் தெருவில் அது ஒரு ஆளின் பெயர்தான். அந்த வைத்தியர் பெயரைப் பலகையில் போடாமல், அவர் செய்த வேலையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். தீர்மானம் போட்டோ ஃப்ளெக்ஸ் கட்டியோ வந்த பெயரில்லை அது. காய்ச்சலும் கைமுறிவுமாக அங்கே வந்துபோனவர்கள் வாயில் தானாக உண்டானது. இரண்டு தலைமுறை ஜனம் சேர்ந்து வைத்த பெயரை ஒரு மன்றக் கூட்டத்தில் எடுத்துவிட்டால், அந்த அக்கா அழாமல் என்ன செய்வார்?

நம் மாவட்டத்தில் பெயர்களுக்கு ஆயுசு கெட்டி. அதை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள். நகராட்சி ரெக்கார்டில் குழித்துறை, பஸ் போர்டில் மார்த்தாண்டம், சந்தைக்குக் கூடை சுமந்த பழைய அம்மைமார் வாயில் இன்றைக்கும் தொடுவெட்டி. மூன்றும் ஒரே நகராட்சிக்குள்தான். இங்கே ஒரு வீட்டைக் கேட்டால்கூடத் தெருப் பெயரையா சொல்கிறார்கள்? விளையின், அதாவது தோட்டத்தின், பெயரைத்தானே சொல்கிறார்கள்! பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில், விளைப் பெயரும் நான்கெல்லையும் இருக்கும். தெரு என்ற வார்த்தையே பல பத்திரத்தில் இருக்காது. அப்படிப்பட்ட ஊரில் வளைவு கட்டிப் புதுப்பெயர் எழுதினால், வளைவுக்கு அடியில் நின்றுகொண்டே ஆட்டோக்காரர் "வைத்தியசாலைத் தெரு எங்க இருக்கு?" என்று கேட்பார். போராடி ஜெயிலுக்குப் போன மனுஷனுக்கு, யாரும் கூப்பிடாத ஒரு பெயர்ப்பலகை மரியாதையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்னொன்று, நான் பட்டது. ஒரு ஊரில் மேலாளராக இருந்தபோது, ஒரு சந்துக்குப் பெயர் மாற்றும் தீர்மானத்தைக் அஜெண்டாவில் இல்லாமல் கடைசி நேரத்தில் மேசைப்பொருளாக வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். இரண்டு நிமிடத்தில் நிறைவேறியது. யாரும் எதிர்க்கவில்லை, யாருக்கும் தெரியவே தெரியாது என்பதுதான் காரணம். ஒப்புதலும் வந்தது, பலகையும் மாறியது. மூன்று வருடம் கழித்து ஒரு பெரியவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் பை. அதிலிருந்து சொத்துவரி ரசீதையும் கரண்ட் பில் அட்டையையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் புதுத் தெரு, இன்னொன்றில் பழைய தெரு. மகள் கல்யாணத்துக்கு வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்டிருக்கிறார். வங்கி வக்கீல், "இது ரெண்டும் ஒரே வீடுதான்னு நகராட்சியில எழுதி வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார். அவர் அலைந்தது பதினொரு நாள். கடைசியில் நான் எழுதிக் கொடுத்தது நாலு வரி. அந்தப் பெயர் மாற்றம் பதிவுத் துறைக்கும் மின்வாரியத்துக்கும் தபாலில் போயிருக்கவேண்டும். கோப்பைத் தேடிப் பார்த்தேன். தபால் எழுதவே இல்லை. எழுதியிருக்க வேண்டிய பிரிவு என்னுடையது.

அதனால் உங்கள் தெரு ஆட்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பெயர் மாறினால் பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் ஒன்றும் ஆகாது. அவை சர்வே எண்ணிலும் எல்லையிலும் நிற்பவை. புதிதாகப் பத்திரம் எழுதும்போது 'முன்பு வைத்தியசாலைத் தெரு' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் போதும். ஆனால் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத் துறை தெருவாரியாகவும் வைத்திருக்கிறது. அங்கே பழைய பெயரே கிடந்தால் பத்திரம் பதியும் நாளில் குழப்பம். ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், வங்கி, கேஸ், கரண்ட், சொத்துவரி என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழெட்டு இடம். உடனே மாற்றவேண்டும் என்று கட்டாயமில்லைதான், ஆனால் ஒன்றை மாற்றினால் மற்றதோடு பொருந்தாது. உங்கள் பக்கத்து வீடுகளில் பாதிப்பேர் வளைகுடாவில். பாஸ்போர்ட் முகவரி என்றாலே கையும் காலும் நடுங்குகிறவர்கள். கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி., லைசென்ஸ், பில் புத்தகம், பலகை என்று தனிச் செலவு. துபாய் பேரன் வளைவுக்குப் பணம் தருவார். எண்பது வீட்டின் அலைச்சலுக்கு?

இப்போது அந்தப் பையன் கத்திய வார்த்தை. பெயரைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

1954-ல் நடந்தது என்ன என்று அவனுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். திருவிதாங்கூர்-கொச்சி அரசுக்குக் கீழே இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்பது கோரிக்கை. போராடியது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணி தலைமையில். ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையில் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின, நூற்றுக்கணக்கானவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. கேட்டும் வராமல் போனவை நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். அங்கேயும் இன்றைக்குத் தமிழர்கள் இருக்கிறார்கள். நெய்யாற்றின்கரையில் ஒரு தமிழ் வாத்தியார் பெயரால் வழங்கும் தெருவை அங்குள்ளவர்கள் அழித்து, "தமிழனுக்கு இங்கே என்ன பேச்சு" என்று கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

உங்கள் தெருப் போராளி சண்டை போட்டது ஆட்சியோடு. கைமுறிவுக்கு எண்ணெய் போட்ட அடுத்த வீட்டு வைத்தியரோடு இல்லை. போராளிக்கு உடம்பு முடியாமல் போனபோது யார் மருந்து கொடுத்தது என்று அந்தத் தெருவின் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அது. இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்த கதை ஒன்றாவது கிடைக்கும் என்பது என் ஊகம். கிடைத்தால் அதை அந்தப் பையனை விட்டே எழுதி வாங்குங்கள்.

சரி, போராளிக்கு எங்கே மரியாதை செய்வது? ஊரில் புதிதாகப் போட்ட இணைப்புச் சாலை ஏதாவது இருக்கும். 'புது ரோடு' என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். புதிதாகக் கட்டும் நூலகம், அறிவுசார் மையம், பூங்கா, சமுதாயக்கூடம், பஸ் நிழற்குடை எதுவானாலும் சரி. பெயரில்லாத ஒன்றுக்கு வைத்தால் யாருடைய ஆதாரும் மாறாது, யாரும் அழமாட்டார்கள். அதற்கும் தீர்மானமும் ஒப்புதலும் வேண்டும்தான், ஆனால் ஆட்சேபணை எழுதுகிறவர்கள் இருக்கமாட்டார்கள். "சந்து பொந்துக்கு எங்க பாட்டா பேரா" என்று பேரன் கோபித்தால், நூலகத்தைப் பற்றிப் பேசுங்கள். வளைவுக்கு ஒதுக்கிய பணத்தில் எல்லைப் போராட்டம் பற்றிய புத்தகங்களை ஒரு அலமாரி நிறைய வாங்கிப்போடலாம். அவர் பாட்டா வாழ்ந்த வீட்டுச் சுவரில் ஒரு கல் பதிக்கலாம். சொந்தச் சுவருக்கு உச்ச நீதிமன்றத்தின் தடை கிடையாது.

பள்ளிக்கூட சாரை மறந்துவிடவில்லை. அவர் பெயரை ஒரு வகுப்பறைக்கோ ஆண்டுதோறும் தரும் ஒரு பரிசுக்கோ வைப்பதுதான் அழகு. நடுவில் நுழைந்த மூன்றாவது பெயர் பெரும்பாலும் சண்டையை நிறுத்த யாரோ யோசித்த வழியாகத்தான் இருக்கும். செத்த மனுஷனைப் பஞ்சாயத்துக்கு இழுக்காதீர்கள்.

எந்தப் பெயரானாலும் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, ஆதாரம். பேரன் சொன்னார், கவுன்சிலர் சொன்னார் என்பது கோப்பில் நிற்காது. எல்லைப் போராட்டத்தில் கலந்துகொண்ட 'எல்லைக் காவலர்'களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை உதவித்தொகை தருகிறது. போராளியோ அவர் மனைவியோ வாங்கியிருந்தால் அந்த ஆணையின் நகல் வீட்டிலேயே இருக்கும். சிறைச் சான்று இருந்தால் இன்னும் நல்லது. இதைக் கேட்பது அவமரியாதை என்று தயங்கவேண்டாம். பலகை ஏறிய பிறகு 'அவர் ஜெயிலுக்கே போகவில்லை' என்று ஒருவன் கிளப்பிவிடுவதுதான் அவமரியாதை.

இரண்டாவது, சாதி. தெருப்பெயர்களிலிருந்து சாதியை எடுக்க 1978-லேயே அரசாணை வந்தது. 2025 அக்டோபரில் மறுபடியும் ஒன்று வந்தது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கும் வந்தது. அதே அக்டோபரில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் வைத்தபோது, இதில் சாதி இருக்கிறதே என்று எழுந்த விவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் போராளியின் பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருந்தால், கருத்துரு எழுதும்போதே எடுத்துவிடுங்கள். குடும்பம் முறுக்கிக்கொள்ளும். அவர்களிடம் நம் மாவட்டத்துக்காரர்களையே காட்டுங்கள். கவிமணி என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரிகிறது. கலைவாணர், ஜீவா, மார்ஷல் நேசமணி யாருக்கும் வால் தேவைப்படவில்லை.

நேசமணி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நாற்பது வயதைத் தாண்டியவராக நீங்கள் இருந்தால், 'நேசமணி போக்குவரத்துக் கழகம்' என்று எழுதிய பஸ்ஸில் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். 1997-ல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை மொத்தமாக எடுத்துவிட்டது. கட்டபொம்மன் போனார், சிதம்பரனார் போனார், காமராசர் போனார். அந்தப் பெயர்ச் சண்டையில் சம்பந்தமே இல்லாத நம் நேசமணியும் அவர்களோடு சேர்ந்து பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஒரு பெயருக்கு அடித்துக்கொண்டால் மற்றப் பெயர்களும் சேர்ந்து போகும் என்பதைக் கண்ணால் பார்த்த மாவட்டம் இது.

இனி நீங்கள் செய்யவேண்டியது. இன்னொரு பொதுக்கூட்டம் இப்போதைக்கு வேண்டாம். கூட்டத்தில் யாரும் இறங்கி வரமாட்டார்கள், நாலு பேர் பார்க்கிறார்களே. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். கடைகளையும் வாடகைக்குக் குடியிருப்பவர்களையும் விடாதீர்கள், அலைச்சல் அவர்களுக்கும்தான். கதவு எண், பெயர், பழைய பெயரே இருக்கட்டுமா மாறட்டுமா, கையெழுத்து. இவ்வளவு போதும். முதல் வீடாக வைத்தியர் வீட்டுக்குப் போங்கள். போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த வார்த்தைக்காகச் செயலாளர் என்ற முறையில் நீங்கள் வருத்தம் சொல்லவேண்டும். முடிந்தால் அந்தப் பையனின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நோட்டோடு மறுநாள் போகலாம்.

நோட்டு நிரம்பியதும் அதைப் பகுதி சபைக்கு, அதாவது வார்டு மக்கள் கூடும் கூட்டத்துக்கு, கொண்டுபோங்கள். நகராட்சி, பேரூராட்சிகளில் இதற்காகவே 2022-லிருந்து பகுதி சபை இருக்கிறது. கவுன்சிலர்தான் தலைமை, பேசுவது பதிவாகும். நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என்று அன்றைக்கும் கூட்டுவார்கள். நமக்கு அது தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாளும்கூட. 'தெருப் பெயர் மாற்றத்துக்கு இத்தனை வீட்டார் ஒப்பவில்லை, போராளியின் பெயரை இன்ன இடத்துக்கு வைக்கக் கோருகிறோம்' என்று இரண்டையும் ஒரே மனுவில் எழுதுங்கள். தனித்தனியாக எழுதினால் முதலாவதை எதிர்ப்பு மனு என்று கட்டித் தூக்கி வைத்துவிடுவார்கள். நான் அப்படித் தூக்கி வைத்திருக்கிறேன்.

ஒருவேளை நோட்டில் பெரும்பாலான வீடுகள் மாற்றத்தையே கேட்டால்? அப்போது உங்களால் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. தீர்மான வாசகத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: புதுப் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'வைத்தியசாலைத் தெரு' என்று பலகையில் நிரந்தரமாக இருக்கவேண்டும், பெயர் மாறிய தகவலைப் பதிவுத் துறை, மின்வாரியம், அஞ்சலகம் மூன்றுக்கும் உள்ளாட்சியே எழுதவேண்டும், நகல் சங்கத்துக்கு வரவேண்டும். இரட்டைப் பெயர்ப்பலகை எனக்குப் பிடிக்காத சமாச்சாரம், கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். ஆனாலும் அந்த அக்கா தினமும் பால் வாங்க அந்தப் பலகையைத் தாண்டித்தானே போகவேண்டும்.

பகுதி சபைக்கு நாள் குறித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மனுவின் வாசகத்தை நான் பார்த்துத் தருகிறேன். துபாய்க்காரரிடம் பேச யாரும் இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னோடு பேசச் சொல்லுங்கள். அவருக்கு அங்கே அப்போது மத்தியானம்தான் ஆகியிருக்கும்.